படகு இயந்திரத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டி

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிளந்தான், திரங்கானு கடற்பகுதி கொந்தளிக்கும். சிறு படகுகள் பல கரையேறிவிடும். குளிர்நாடுகளில் இயந்திரத்துக்குள் தேங்கிய நீர் உறைந்து உலோகத்தைப் பிளக்கும். நம் நாட்டில் அந்தக் கவலை இல்லை. அப்படியானால் இயந்திரத்தை அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது, மாணவர்களே. இங்கே எதிரி உப்பு. படகின் பின்புறம் பொருத்தும் இயந்திரம் கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியானதும் உப்பு படிந்து குளிர்நீர்ப் பாதையை அடைக்கும். பிறகு நடுக்கடலில் இயந்திரம் சூடேறி நின்றுவிடலாம். எனவே நிறுத்திவைக்கும் முன் நன்னீரை உள்ளே செலுத்தி அலச வேண்டும்.

உப்புநீர் மின்சாரத்தையும் கடத்தும். வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி அதில் மூழ்கியிருந்தால், மின்கலத்தில் நடப்பதுபோல ஒன்று அரிக்கப்படும். இயந்திரத்தின் அலுமினியப் பகுதியைக் காக்கத் துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறார்கள். துத்தநாகம் எளிதில் எலக்ட்ரான்களை இழப்பதால் அதுவே முதலில் கரையும். பாதி கரைந்ததும் அதை மாற்ற வேண்டும். அதன்மேல் சாயம் பூசக்கூடாது. பூசினால் நீர் அதைத் தொடாது, அரிப்பு அலுமினியத்தைத் தாக்கும்.

அடுத்த முறை படகுத்துறைக்குச் சென்றால் அந்தக் கட்டியைப் பாருங்கள். குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.