நீலப்புகைக் குடும்பம்

நமக்கு மஸ்தா என்றால் வேன்தான். பழனியில் மொட்டை போட்ட கையோடு, ‘வந்ததே வந்தோம், கொடைக்கானலையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்’ என்று மலையேறிய எத்தனையோ குடும்பங்களைச் சுமந்தது சுவராஜ் மஸ்தா. முன்சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஒரு அத்தை, ஜன்னலோரம் பாலித்தீன் பையோடு ஒரு பையன், கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர். 1980-களில் பஞ்சாப் டிராக்டர்ஸும் ஜப்பானின் மஸ்தாவும் கைகோத்துத் தொடங்கிய கம்பெனி அது. அந்த டீசல் வேனில் வாந்தி எடுத்த தலைமுறைக்கு, அதே பெயரில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரு ரேஸ் கார் இருந்தது தெரிய வாய்ப்பில்லை.

1991 ஜூன் 23. பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயம். ஆரஞ்சும் பச்சையுமாக வண்ணம் பூசிய 55-ஆம் எண் மஸ்தா 787பி, 362 சுற்று ஓடி முதலில் வந்தது. ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண்ட் கஷோ மூவரும் மாறி மாறி ஓட்டினார்கள். கடைசிக் கட்டத்தை ஓட்டி முடித்த ஹெர்பர்ட், உடம்பில் நீர் வற்றிச் சுருண்டு விழுந்ததால் பரிசு மேடைக்கே வரவில்லை. ஜப்பானியக் கம்பெனி ஒன்று லே மானில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த ஜப்பானிய வெற்றி 2018-ல் டொயோட்டாவுக்குத்தான். பிஸ்டனே இல்லாத இன்ஜின் அங்கே வென்றதும் அந்த ஒரு முறைதான். அந்தக் காரை மஸ்தா விற்கவில்லை, உடைக்கவில்லை. 2011-ல், 20 ஆண்டு நிறைவுக்கு, லே மானுக்கே கொண்டுபோய் ஓடவிட்டார்கள். பார்க்க வந்தவர்களைவிடக் கேட்க வந்தவர்களே அதிகம் என்று சொல்லலாம். நான்கு ரோட்டர்கள் சேர்ந்து போடும் அந்த அலறலுக்கு உலகம் முழுக்க பக்தர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ரோட்டரி பிரியர்கள் பழைய கார்களோடு கூடும் ‘செவன்ஸ்டாக்’ ஏறக்குறைய ஒரு திருவிழா.

ரோட்டரி இன்ஜின் என்பது என்ன? இடுப்பு ஒடுங்கிய ஒரு முட்டை வடிவ அறை. அதற்குள் பக்கங்கள் பிதுங்கிய ஒரு முக்கோணம், சமோசா என்றே வைத்துக்கொள்ளுங்கள், சுற்றிச் சுற்றி வருகிறது. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. யோசனை ஜெர்மானியர் பெலிக்ஸ் வாங்கெலுடையது. 1961-ல் என்.எஸ்.யு. என்ற ஜெர்மன் கம்பெனியிடம் உரிமம் வாங்கியது மஸ்தா. வாங்கிய பிறகுதான் தெரிந்தது வம்பு. முக்கோணத்தின் முனைகளில் இருக்கும் சீல்கள் அறைச் சுவரை வரிவரியாகக் கீறின. பிசாசின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அதோடு மல்லுக்கட்டி, கார்பன் கலந்த சீல் செய்து, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரை வெளியே விட்டார்கள். மறு வருடமே ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரப் பந்தயம் ஓடி நான்காவதாக வந்தது அந்தக் கார். மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாக ரோட்டரியைக் கைகழுவ, மஸ்தா மட்டும் விடவில்லை. ஆனால் வியாதி முழுக்கத் தீரவும் இல்லை. முனை சீல்கள் தேயாமல் இருக்க அறைக்குள் கொஞ்சம் ஆயிலைச் செலுத்தவேண்டும். அது பெட்ரோலோடு சேர்ந்து எரியும். பெட்ரோலையும் ஏகத்துக்குக் குடிக்கும். புகை விதிகள் இறுக இறுக, 2012-ல் ஆர்எக்ஸ்-8 காரோடு அந்த வரிசை நின்றது.

வால்வு இல்லை, ஆயிலும் எரியும், சத்தத்துக்குப் பேர் போனது, புகை விதியால் செத்தது. இதைப் படிக்கிற, டூ-ஸ்ட்ரோக் பைக்கான யமஹா ஆர்எக்ஸ்100 வைத்திருப்பவர் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மஸ்தாவின் ரோட்டரி கார் கொடைக்கானல் மலை ஏறியிருக்கிறதோ இல்லையோ, அதன் சின்னத் தம்பி ஞாயிறுதோறும் ஏறுகிறது.

பெருமாள்மலையில், பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் சேரும் இடத்து டீக்கடைகளில் ஞாயிறு காலை நின்று பாருங்கள். டிஎன் 57, டிஎன் 59 என்று திண்டுக்கல், மதுரை வண்டிகள். ரெயின்கோட் போட்ட புதுப் புல்லட்டுகளுக்கு நடுவே பளபளவென்று தேய்த்த குரோம் மட்கார்டோடு நான்கைந்து ஆர்எக்ஸ். அவற்றில் ஒன்றாவது பிளக்கைக் கழற்றிப் போட்டிருக்கும். பிளக் முனை கன்னங்கரேல் என்று, ஆயில் ஈரத்தோடு இருக்கும். ஓட்டி வந்தவர் அதைச் சட்டைத் துணியில் துடைத்து, உப்புக் காகிதத்தில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, திரும்ப மாட்டி உதைப்பார்.

வண்டிமேல் குறை இல்லை, மலையின் வேலை அது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. வத்தலக்குண்டில் விட்ட பெட்ரோலையே டம்டம் பாறை தாண்டியும் விடும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்ச, வண்டி மக்கர் பண்ணும், பிக்கப் போகும், பிளக் கருக்கும். இன்றைய வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் இதைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்கின்றன. ஆர்எக்ஸில் ஓட்டுபவரின் காதுதான் சென்சார். விஷயம் தெரிந்தவர் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு நம்பர் குறைத்துப் போட்டு, ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றிக்கொண்டு வருவார். கீழே இறங்கியதும் மறக்காமல் பழையபடி மாற்ற வேண்டும். மறந்தால் சமவெளி வெயிலில் பெட்ரோல் பற்றாமல் சூடேறி, பிஸ்டன் ஜாம்.

இறக்கம் இன்னும் நுணுக்கமானது. டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிடிமானம் குறைவு. ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி உருண்டுகொண்டே போகும். அதைவிட முக்கியம், ஆர்எக்ஸில் டூ-டி ஆயிலை அனுப்பும் பம்ப் ஆக்சிலேட்டரோடு இணைந்தது. திருகலை முழுக்க மூடிவிட்டு மூன்றாம் கியரில் பத்து வளைவு இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். அதனால்தான் பழைய கைகள் இறக்கத்தில் இடையிடையே ‘ரிங்… ரிங்…’ என்று முறுக்கிவிடுவது. பின்னால் வருகிற கார்க்காரர் திமிர் என்று நினைத்துத் திட்டுவார். பிஸ்டனுக்குச் சோறு ஊட்டுகிறார்கள், பாவம்.

98 சிசி, 11 குதிரைசக்தி, நான்கு கியர், சுமார் நூறு கிலோ எடை. 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸோடு சேர்ந்து யமஹா செய்த வண்டி. எண்ணில் பார்த்தால் பிரமாதமில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவைத் தாண்டி நிமிர்த்தி முறுக்கும்போது முன்சக்கரம் லேசாகும் அந்தக் கணத்துக்காக, வாங்கிய விலையைப்போல் பல மடங்கு கொடுக்க இன்றும் ஆள் இருக்கிறது. அதன் அண்ணன் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி350 வண்டியை 1983 முதல் எஸ்கார்ட்ஸ் இங்கே செய்தது. இரண்டு சிலிண்டர், ஆறு கியர். வெளிநாட்டில் 39 குதிரைசக்தி கொடுத்த வண்டியை நம் ஊர் மைலேஜ் கணக்குக்காக 30.5-க்கு இறக்கினார்கள், பிறகு வந்த ரகத்தில் 27. முன்சக்கர டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் பிரேக் மாட்டினார்கள். வேகத்தைக் குறைத்ததை மன்னிக்கலாம். பிரேக்கைக் குறைத்ததற்கு மன்னிப்பே கிடையாது, அதுவும் டம்டம் பாறை இறக்கத்தில் நின்று யோசித்தால்.

இந்த வண்டிகளின் ரத்தத்திலும் பந்தயம் உண்டு. 1975-ல் ஜியாகோமோ அகோஸ்டினி யமஹாவில் 500 சிசி உலகப் பட்டத்தை வென்றபோது, ஜப்பானிய வண்டிக்கும் டூ-ஸ்ட்ரோக்குக்கும் அந்தப் பிரிவில் அதுவே முதல் ஓட்டுநர் பட்டம். நம் பக்கத்தில் அதற்கு மேடை சோழவரம். இரண்டாம் உலகப்போரில் போட்ட விமான ஓடுதளத்தில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டு பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கென்று தனித் தடம் வரும்வரை, தமிழ்நாட்டுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான்.

மஸ்தா தன் பழைய காரைத் தானே காப்பாற்றுகிறது. இங்கே யமஹாவுக்கு ஒரகடத்துக்குப் பக்கத்தில் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. அங்கிருந்து வருவதெல்லாம் ஃபோர்-ஸ்ட்ரோக். பழைய ஆர்எக்ஸை உயிரோடு வைத்திருப்பது மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கோவையிலும் இருக்கும் ஒற்றை ஷட்டர் பட்டறைகள். போர் போட்டு, கிராங்க் பேரிங் மாற்றி, சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய கார்புரேட்டரைக் கொதிக்க வைத்துக் கழுவி மாட்டும் மெக்கானிக்குகள். என்னைக் கேட்டால் கொண்டாட்டம் அவர்களுக்கு நடக்க வேண்டும். நடப்பதென்னவோ இன்ஸ்டாகிராமுக்கு.

சட்டமும் இந்த வண்டிகளை விண்டேஜ் என்று ஒப்புக்கொள்வதில்லை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது தாண்டினால்தான் அந்தப் பதிவு. ஆர்எக்ஸில் மூத்ததற்கே 2035 ஆகவேண்டும். அதுவரை மற்ற வண்டிகளைப் போல ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்து, பசுமை வரி கட்டி ஓட்ட வேண்டியதுதான். விண்டேஜ் பதிவு வாங்கினாலோ அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. எது நல்லது என்று தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆர்எக்ஸ் காரர்களோடு எனக்குச் சண்டை. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டிக்கொண்டு மலையேறுவது. இந்த மலையின் பெரும்பகுதி 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடுகிறது. கூட்டம் தாங்காமல் உயர்நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்த மலை. போதாததற்கு, டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் சத்தம் அடைக்கும் டப்பா கிடையாது. உள்ளிருந்து திரும்பும் அழுத்த அலைதான், எரியாமல் ஓடப்பார்க்கும் பெட்ரோலைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அதைக் கழற்றினால் சத்தம் கூடும், இழுவை குறையும். முழுத் தொண்டையில் கேட்க ஆசையிருந்தால் கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது.

இப்போது பட்டறைகளில் பேச்செல்லாம் வேறு. பங்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் வாஷர்களையும் பெட்ரோல் குழாயையும் இளக்கிவிடும். வாரக்கணக்கில் நிற்கிற வண்டியில் கார்புரேட்டர் அடியில் தண்ணீர் தங்கும். அதனால் மலையிலிருந்து இறங்கி வண்டியை நிறுத்துகிறவர்கள் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணைக்கிறார்கள். ரப்பர்களைப் புது ரகத்துக்கு மாற்ற ஒரு நாள் வேலை. ஜெட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும், எத்தனால் கலந்தால் அதே ஜெட் பற்றாது. மலைக்கு ஒரு நம்பர், சமவெளிக்கு ஒரு நம்பர் என்று இருந்த டப்பாவில் இனி மூன்றாவதாக ஒரு ஜெட்.