குடி நின்ற பிறகும் நிற்காத கோபம்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இயற்பியல் மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஓர் எஃகுத் தண்டைக் கம்பிச்சுருளுக்குள் வைத்து, சுருளில் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். தண்டு காந்தமாகும். பிறகு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சுழியாக்குவார்கள். இப்போது சுருளில் காந்தப்புலம் இல்லை. ஆகவே தண்டின் காந்தமும் மறைந்திருக்க வேண்டுமல்லவா? மறைவதில்லை! காந்தமானியின் முள் விலகியே நிற்கும். காரணம் நீங்கியும் விளைவு நீங்காத இப்பண்பைக் காந்தத் தயக்கம் என்கிறோம்.

பத்து ஆண்டுகளாக இதை நான் கரும்பலகையில் வரைந்து விளக்கி வருகிறேன். இதே பண்பு என் மனத்திலும் இருப்பதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

என் தந்தை நெடுங்காலம் குடிப்பழக்கத்துக்கு ஆளாகியிருந்தார். மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பின் அவர் குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீடு அமைதியாயிற்று. என் அம்மா நிம்மதியாக உறங்கினார். ஆனால் என் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் செருமினால் எரிச்சல்; சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று சொன்னால்கூட எரிச்சல். மின்னோட்டம் நின்றுவிட்டது, முள் திரும்பவில்லை.

இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்கு அதனால் உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கல் இருக்கிறது என்றும் 2019-இல் வெளியான தேசிய ஆய்வறிக்கை கூறுகிறது. ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஆகவே இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. இந்தக் கோபம் ஏன் நீடிக்கிறது? அதை நீக்க வழி உண்டா? அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் இரவு. என் ரெக்கார்டு நோட்டு மேசைமேல் இருந்தது. தந்தை குடித்துவிட்டு வந்தார். விளக்கை ஏன் அணைக்கவில்லை என்பதில் தொடங்கிய சண்டை, நோட்டைப் பக்கம் பக்கமாகக் கிழிப்பதில் முடிந்தது. இரவு முழுதும் அம்மாவும் நானும் சோற்றுப் பசையால் தாள்களை ஒட்டினோம்.

காலையில் தந்தை எழுந்து வந்து நோட்டைப் பார்த்தார். "யாருடா இத இப்படிக் கிழிச்சது?" என்று கேட்டார்.

கிழித்ததைவிட அந்தக் கேள்விதான் எனக்கு ஆறாத புண்ணாயிற்று. செய்வதையும் செய்துவிட்டு நடிக்கிறாரே என்று எண்ணினேன். பதினெட்டு ஆண்டுகள் அப்படியே எண்ணினேன்.

மூளைக்குள் ஆல்கஹால்

மதுவில் உள்ள எத்தில் ஆல்கஹால் மிகச் சிறிய மூலக்கூறு. நீரில் எளிதில் கலக்கும். இரைப்பை, சிறுகுடல் வழியாக இரத்தத்தில் சேர்ந்து விரைவிலேயே மூளையை எட்டும். அதை முறிக்கும் பொறுப்பு பெரும்பாலும் கல்லீரலைச் சேர்ந்தது. அங்குள்ள நொதிகள் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாகவும், பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வேலை ஏறக்குறைய சீரான வேகத்தில் நடக்கும். மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான். எவ்வளவு குடித்தாலும் கல்லீரல் அவசரப்படாது.

ஒரு சிறு கணக்கு போடலாம். 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லி லிட்டர் புட்டியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்றால், அதன் பருமன் சுமார் 77 மில்லி லிட்டர். ஆல்கஹாலின் அடர்த்தி 0.79. ஆகவே எடை சுமார் 61 கிராம். இதை முறிக்க ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்தவர் காலையில் எழும்போதும் முழுமையாகத் தெளிந்திருக்க மாட்டார் என்பதை இக்கணக்கே காட்டிவிடுகிறது.

மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருளும் உண்டு. அடக்கும் வேதிப்பொருளும் உண்டு. முன்னது குளூட்டமேட், பின்னது காபா. ஆல்கஹால் காபாவின் வேலையை மிகுவிக்கிறது. குளூட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழ்ந்தால் மூளை தன்னைச் சரிசெய்துகொள்ள முயல்கிறது. அடக்கும் பக்கத்தைத் தளர்த்தித் தூண்டும் பக்கத்தை முறுக்கேற்றி வைக்கிறது. இந்நிலையில் குடியைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? முறுக்கேறிய பக்கம் தடையின்றிப் பாய்கிறது. கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது தெரிதல் எல்லாம் தோன்றும். உயிருக்கே ஆபத்து நேரலாம். நெடுநாள் குடித்தவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்துவது வீரமன்று. மருத்துவர் மேற்பார்வை கட்டாயம் தேவை.

'மனம் வைத்தால் நாளைக்கே விட்டுவிடலாமே, எங்கள்மேல் அன்பிருந்தால் விடமாட்டாரா?' என்று நாம் கேட்கிறோம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இலேயே குடியடிமை நிலையை மருத்துவம் தேவைப்படும் நோயாக ஏற்றது. அன்புக் குறைவு இந்நோயின் காரணம் என்று எந்த மருத்துவ நூலும் கூறவில்லை.

எழுதப்படாத நினைவு

இனி அந்தக் காலைக் கேள்விக்கு வருவோம்.

மூளையின் உட்பகுதியில் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பு உள்ளது. கடற்குதிரை போன்ற வடிவுடையதால் இப்பெயர். அன்றாட நிகழ்ச்சிகளை நிலையான நினைவுகளாக மாற்ற இது இன்றியமையாதது. 1953-இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு இப்பகுதியின் பெரும்பங்கு இருபுறமும் அகற்றப்பட்டது. அதன் பிறகு அவரால் பேச முடிந்தது, சிந்திக்க முடிந்தது; ஆனால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்த முடியவில்லை. 2008-இல் இறக்கும் வரை அவர் நிலை அதுவே.

இரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக மிகும்போது இதே உறுப்பு தற்காலிகமாகச் செயலிழக்கிறது. 1970-இல் அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்டு குட்வினும் அவர் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். பத்து ஆண்களுக்குச் சுமார் நான்கு மணி நேரத்தில் மிகுதியான விஸ்கி கொடுத்து, இடையிடையே பொம்மைகள் போன்ற பொருள்களைக் காட்டினர். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். அரை மணி கழித்தும் மறுநாளும் கேட்டபோது பாதிப்பேருக்கு எதுவுமே நினைவில்லை!

இதன் பொருள் என்ன? அத்தகைய நேரத்தில் குடித்தவர் நடப்பார், பேசுவார், சண்டையிடுவார். பார்ப்பவருக்கு அவர் எல்லாம் அறிந்து செய்வதாகவே தோன்றும். ஆனால் நிகழ்ச்சி நினைவாக எழுதப்படுவதே இல்லை. எழுதிய பிறகு மறந்ததன்று, எழுதப்படவே இல்லை. ஆகவே மறுநாள் எவ்வளவு வற்புறுத்தினாலும் அது வெளிவராது. சிலருக்கு முழுமையாகவும், சிலருக்குத் துண்டு துண்டாகவும் இந்த இடைவெளி அமையும்.

இதைப் படித்த அன்று நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை. "யாருடா கிழிச்சது?" என்பது நடிப்பாக இல்லாமல் உண்மையான கேள்வியாகவே இருந்திருக்கக்கூடும்.

ஆழப் பதிந்த நினைவு

அதே இரவில் என் மூளையில் நடந்ததோ நேர்மாறானது. அச்சமும் அதிர்ச்சியும் ஏற்படும்போது அட்ரினல் சுரப்பிகள் தம் சுரப்புகளை இரத்தத்தில் கொட்டுகின்றன. மூளையில் பாதாம் பருப்பு வடிவிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி கிளர்ச்சியுற்று, 'இதை மறவாதே' என்பதுபோல் அந்த நினைவை வலுப்படுத்துகிறது. ஆபத்தை நினைவில் வைத்த விலங்கே பிழைத்தது. ஆகவே இது இயற்கை நமக்குத் தந்த பாதுகாப்பு.

ஒரே வீடு, ஒரே இரவு. ஒருவர் மூளையில் வெற்றுத்தாள். இன்னொருவர் மூளையில் கல்வெட்டு. மறுநாள் ஒருவர் நியாயம் கேட்கிறார். மற்றவர் எதற்கு என்று விழிக்கிறார். குடிநோயாளிகளின் குடும்பங்களில் பழைய கணக்குகள் தீராமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

கசப்பின் விலை

காந்தத் தயக்கத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. எஃகைத் திரும்பத் திரும்பக் காந்தமாக்கிச் சுழற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஓரளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அது தண்டையே சூடாக்குகிறது. மனக்கசப்பும் இப்படித்தானா?

அமெரிக்காவின் ஹோப் கல்லூரியில் சார்லட் விட்வ்லியட்டும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. 71 மாணவர்கள், தமக்குத் தீங்கு செய்த ஒருவரை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு முறை காயத்தையும் கசப்பையும் அசைபோட்டார்கள்; இன்னொரு முறை அவரையும் ஒரு மனிதராகக் கருதிப் பரிவோடும் மன்னிப்போடும் எண்ணினார்கள். கருவிகள் உடலை அளந்தன. கசப்பை எண்ணியபோது புருவத் தசை இறுகியது, வியர்வையால் தோலின் மின்கடத்தும் தன்மை கூடியது, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மிகுதியாக உயர்ந்தன. மன்னிப்பை எண்ணியபோது இவை தணிந்தே இருந்தன.

இங்கே தீங்கு செய்தவர் அந்த அறையிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். சூடானது நினைத்தவரின் உடல் மட்டுமே.

காந்தம் நீக்கும் முறை

எஃகில் எஞ்சிய காந்தத்தை எப்படி நீக்குவது? எதிர்த்திசையில் ஒரே முறை புலத்தைச் செலுத்திக் காந்தத்தைச் சுழிக்குக் கொண்டுவரலாம். ஆனால் அப்புலத்தை நிறுத்தியவுடன் ஓரளவு காந்தம் மீண்டும் தலைகாட்டும். 'எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்' என்று உறவினர்முன் சொல்லிவிட்டு, வீடு வந்ததும் பொருமுவதில்லையா? அதுபோலத்தான். சரியான முறை வேறு. மாறுதிசை மின்னோட்டம் பாயும் சுருளில் தண்டை வைத்து, மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். புலம் இப்பக்கமும் அப்பக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடச் சிறியதாகி, இறுதியில் ஓயும்.

மனிதமனம் எஃகன்று, உவமையை மிகையாக இழுக்கக் கூடாது. எனினும் நினைவு பற்றிய ஆராய்ச்சி இதற்கு இணையான ஒன்றைக் காட்டுகிறது. 2000-ஆம் ஆண்டில் கரீம் நாதர், ஜோசப் லெதூ முதலியோர், அச்சமூட்டும் நினைவு ஒன்றை எலிகளில் பதித்தனர். நினைவு மீண்டும் தூண்டப்பட்டவுடன், புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினால், பின்னர் அந்த அச்சம் பெரிதும் குறைந்தது. தூண்டாமல் செலுத்தினால் குறையவில்லை. அதாவது, ஒரு நினைவை வெளியே எடுக்கும்போது அது சற்று இளகுகிறது. மீண்டும் பதியும்போது மாற்றம் பெற வாய்ப்பு உண்டு. எலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பழையதைப் பாதுகாப்பான இடத்தில், புதிய அறிவோடு திரும்பப் பார்ப்பதில் பயன் இருக்கலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தம் துயர நிகழ்ச்சியைத் தொடர்ந்து நான்கு இரவுகள், இரவுக்கு 15 நிமிடம் எழுதினர். நடந்ததையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதும்போது வருந்தினாலும், பின்வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது.

பேசுவதும் இத்தகைய வழியே. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவும் இயக்கம் தோன்றியது. குடும்பத்தாருக்கும் தனியே உதவி தேவை என்பதை உணர்ந்து 1951-இல் அல்-அனான் உருவாயிற்று. அதன் கருத்து எளியது. குடிநோயை நீங்கள் உண்டாக்கவில்லை. உங்களால் அதை அடக்கவோ குணப்படுத்தவோ இயலாது. உங்கள் வாழ்வைச் சீர்செய்ய உங்களால் இயலும். சென்னையில், கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய சிகிச்சை நிலையமும் குடும்பத்தாருக்கான ஆலோசனையைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொண்டது.

எது மன்னிப்பு அன்று?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நினைவில்லை என்பதால் பொறுப்பில்லை என்று ஆகாது. முதல் கோப்பையைத் தொடுமுன் நினைவு இருக்கிறது. சிகிச்சைக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பகல்நேரமும் இருக்கிறது. நோய் அவர் குற்றமன்று எனினும் நோய்க்கு மருந்துண்பது அவர் கடமையே.

கசப்பை விடுவது என்பது அடியை வாங்கிக்கொள்வதன்று. சுருளில் முழு மின்னோட்டம் பாயும்போது எந்தத் தண்டின் காந்தத்தையும் நீக்க முடியாது. குடியும் வன்முறையும் தொடரும் வீட்டில் முதல் தேவை பாதுகாப்பு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்களுக்கு அதற்கு வழி செய்கிறது. விலகி வாழ்ந்துகொண்டே கசப்பை விடலாம். பணம் கொடுக்க மறுத்துக்கொண்டே கசப்பை விடலாம். மறப்பதும் தேவையில்லை, நினைக்கும்போது எரியாமல் இருந்தால் போதும். யாரையும் 'மன்னித்துவிடு' என்று பிறர் நெருக்குவதும் தகாது. காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை காயம்பட்டவருடையது.

மீண்டும் அந்த நோட்டு

நானும் எழுதிப் பார்த்தேன். நான்கு இரவுகள் போதவில்லை. பல வாரங்கள் ஆயின. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையிடம் அந்த இரவில் நடந்ததை முழுவதும் சொன்னேன். குரல் உயரவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். நெடுநேரம் கழித்து, "எனக்கு ஞாபகம் இல்லப்பா. ஆனா செஞ்சிருப்பேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "அம்மாவும் ஒட்டுனாளா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. கோபம் அன்றே மறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். இப்போதும் சில நாள் முள் சற்று விலகுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் குறைவாகவே விலகுகிறது. சோதனை சரியான திசையில் செல்கிறது என்பதற்கு ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு அந்த அளவீடு போதும்.