சலவை இயந்திரமும் வருடாந்தப் பராமரிப்பும்

அண்மையில் எமது பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஒரு கடதாசியுடன் என் அறைக்கு வந்தார். அவர் வீட்டுச் சலவை இயந்திரத்தின் பொருட்டு விற்பனை நிலையம் ஒன்று அனுப்பிய பராமரிப்பு ஒப்பந்தம் அது. ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் ஆள் வந்து இயந்திரத்தைப் பார்வையிடுவார் என்றும், அவ்வாறு செய்யாவிடின் அது விரைவிற் பழுதாகும் என்றும் அதில் எழுதியிருந்தது. இரண்டு ஆண்டுகள் அவர் பணம் கட்டிவிட்டார். “இதைக் கட்டத்தான் வேண்டுமா, சேர்?” என்று கேட்டார். கணவரை இழந்து, இரு பிள்ளைகளைத் தம் ஒரு சம்பளத்தில் வளர்த்து வருபவர் அவர். ஆதலின் அவ்வினா எனக்குச் சிறிதாகத் தோன்றவில்லை. யான் இயந்திரவியல் கற்றவனல்லன். எனினும், கைந்நூலைப் படித்தும், அறிந்தோரைக் கேட்டும் தெளிந்தவற்றை நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

ஆண்டுதோறும் பராமரிப்பு என்னும் எண்ணத்தை நாம் மோட்டார் வண்டியிலிருந்து பெற்றோம் எனலாம். வண்டியின் எண்ணெய் காலப்போக்கில் தன் குணத்தை இழக்கும். தடுப்புக் கட்டைகள் தேயும். அவற்றை உரிய காலத்தில் மாற்றாவிடின் வண்டி கெடும். பிழியும் உருளைகள் பூட்டிய பழைய சலவை இயந்திரங்கள் சிலவற்றுக்கும் எண்ணெய் இட வேண்டியிருந்தது. இன்றைய வீட்டு இயந்திரத்தின் அமைப்போ வேறு. உருளையின் அச்சைத் தாங்கும் ‘பெயரிங்’ தொழிற்சாலையிலேயே மசகிட்டு மூடப்பட்டது. அதற்கு எண்ணெய் இட வழியே இல்லை. மோட்டாரையும் உருளையையும் இணைக்கும் றப்பர்ப் பட்டி பல்லாண்டு உழைக்கும். சிலவகை மோட்டார்களிலுள்ள காபன் தூரிகைகள் தேய்வன. தேய்ந்தபின் அவற்றை மாற்றினாற் போதும். புதிய இயந்திரங்கள் பலவற்றில் அத்தூரிகைகளும் இல்லை. ஆகவே, திகதி பார்த்து மாற்றவேண்டிய உறுப்பு எதுவும் உள்ளே இல்லை. இரைச்சலின்றி, ஒழுக்கின்றி இயங்கும் வீட்டு இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் வல்லுநர் வரவேண்டிய அவசியமில்லை. நாள் முழுதும் ஓயாது ஓடும் விடுதி, வைத்தியசாலை முதலியவற்றின் இயந்திரங்களுக்கு இக்கூற்றுப் பொருந்தாது.

அப்படியாயின் வீட்டு இயந்திரங்கள் கெடுவதேன்? பெரும்பாலும் அழுக்கினாலும், சுண்ணாம்பினாலும், அளவுக்கு மிஞ்சிய சுமையினாலுமே. இம்மூன்றையும் நீக்குவது வீட்டாரின் கைக்கு எட்டிய காரியம்.

முதலில் அழுக்கு. நுரை மிகுந்தால் துணி வெளுக்கும் என்று நம்பிச் சவர்க்காரத்தூளை அள்ளிக் கொட்டுவோர் பலர். எஞ்சிய தூள் குளிர்ந்த நீரிற் கரையாது, உருளையின் பின்புறத்திலும் கதவோரத்து றப்பர் வளையத்திலும் பசைபோற் படியும். அப்படிவில் நுண்ணுயிர்கள் வளர்வதாலேயே துர்நாற்றம் பிறக்கின்றது. நீரைச் சூடாக்கும் வசதியுள்ள இயந்திரமாயின், மாதம் ஒருமுறை துணியின்றி 60 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் ஓட விடுதல் நன்று. அவ்வசதி இல்லாதவற்றுக்குக் கைந்நூல் கூறும் துப்புரவு முறையைக் கையாளலாம். வேலை முடிந்ததும் றப்பர் வளையத்தைத் துடைத்து, கதவைச் சிறிது திறந்து வைத்தல் வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்கள் உள்ளே புகாதவாறு காவல் அவசியம்.

அடுத்தது சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. ஆதலின் அங்குள்ள கிணறுகளின் நீர் பெரும்பாலும் வன்னீராகும். வன்னீரைச் சூடாக்கும்போது கல்சியம் காபனேற்று வெப்பமூட்டும் சுருளின்மீது ஓடாகப் படிகின்றது. கேத்தலின் அடியில் நாம் காணும் வெண்மையும் அதுவே. சித்திரிக் அமிலம் அதனைக் கரைக்கும். அளவைக் கைந்நூலிற் பார்த்து இடுக. ஓர் எச்சரிக்கை: வெளிற்றும் திரவத்துடன் சித்திரிக் அமிலத்தையோ வினாகிரியையோ ஒருபோதும் கலத்தலாகாது. கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயு எழும்.

மூன்றாவது சுமை. உருளையைத் துணியால் அடைத்தாலும், இயந்திரத்தைச் சமமில்லாத தரையில் வைத்தாலும், நீர் பிழியும் வேளையில் அது குலுங்கும். அச்சும் தாங்கியும் தேயும். முன்புறக் கதவுடைய இயந்திரத்தை வாங்கியபோது பின்புறத்தில் இருந்த போக்குவரத்து ஆணிகளைக் கழற்றாமலே ஓட்டினால் குலுக்கம் மிகக் கடுமையாகும்.

இனி, அவ்வாசிரியையின் கதைக்கு வருவோம். அவர் என்னிடம் வந்து சில வாரங்களின் பின் அவருடைய இயந்திரத்தில் நீர் வெளியேறாது தேங்கி நின்றது. ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து பார்த்து, பம்பியை மாற்ற வேண்டும் என்று ஒரு விலை கூறிச் சென்றார். அன்று மாலை, பதினோராந் தரத்திற் படிக்கும் அவருடைய மகன் கைந்நூலை எடுத்து வாசித்தான். மின்செருகியைக் கழற்றி, நீர் ஆறியிருப்பதைப் பார்த்து, கீழே ஒரு தட்டத்தை வைத்து, முன்புறத்தின் அடியிலுள்ள சிறு கதவைத் திறந்து வடிகட்டியை மெல்லத் திருகி எடுத்தான். ஒரு நாணயம், இரண்டு கொண்டை ஊசிகள், ஒரு பொத்தான், ஒரு பிடி மயிர் ஆகியன வெளிவந்தன. நீரும் ஓடியது. இரண்டு ஆண்டுகளாகப் பராமரிப்புக்கென வந்து சென்றவர் அச்சிறு கதவைத் திறந்து பார்க்கவேயில்லை.

இதனால் வல்லுநரே வேண்டாம் என்பது என் கருத்தன்று. பிழியும்போது உறுமல் போன்ற ஓசை எழுமாயின் ‘பெயரிங்’ தேய்ந்திருக்கலாம். அடியில் நீர் ஒழுகினாலோ, எரிந்த மணம் வந்தாலோ இயந்திரத்தை நிறுத்தி உடனே ஆளை அழைக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் பாரதூரமானது, இயந்திரத்தின் உடலைத் தொட்டபோது கையிற் சிறிதளவேனும் மின் உணரப்படுவது. ஈரக் கையும் ஈரத் தரையும் சேரும் இடத்தில் அது உயிரைப் பறிக்கும். மீண்டும் தொட்டுப் பார்க்காது, பிரதான ஆளியை நிறுத்தி, தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு புவித்தொடுப்பையும் ‘ட்ரிப் சுவிட்ச்’சையும் சோதிப்பித்தல் வேண்டும்.

உத்தரவாதக் காலத்தில் தங்கள் பராமரிப்பை நிபந்தனையாக எழுத்தில் விதித்திருந்தால், அக்காலம் முடியும்வரை அதற்கு இணங்குவதே நன்று. அதன்பின் ஒப்பந்தம் நீட்டுவோரிடம், “வருபவர் எவ்வெவ் உறுப்பைத் திறந்து பார்ப்பார்?” என்று கேட்டு, விடையை எழுதி வாங்குங்கள்.

அவ்வாசிரியை இவ்வாண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, வெடிப்புக் கண்டிருந்த நீர்க்குழாயை மாற்றி, வீட்டின் புவித்தொடுப்பையும் சோதிப்பித்துக்கொண்டார். வடிகட்டியைத் துப்புரவு செய்வது மகனின் மாதாந்தக் கடமையாயிற்று.