கதை தெரிந்தால் கவனிப்பு மாறும்

மறதிநோய் உள்ள முதியவர் ஒருவர் விடிகாலை நான்கு மணிக்கே எழுந்து வாசலுக்குப் போகிறார், தடுத்தால் கோபப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பேட்டில் ‘இரவில் அலைகிறார்’ என்று மட்டும் இருந்தால், செவிலியருக்குக் கதவைப் பூட்டத்தான் தோன்றும். அவர் ஆயுசு முழுக்க வீடுவீடாகப் பால் போட்டவர் என்று தெரிந்தால், சூடாக ஒரு டீ கொடுத்து, எந்தெந்தத் தெருவுக்குப் போவீர்கள் என்று பேச்சுக் கொடுப்பார். வாழ்க்கைக் கதையைக் கேட்டறிவது செவிலியர் பணியின் ஓர் அங்கம் என்பது இதனால்தான்.

வீடு தேடிப் போகும் மாணவர்கள்

இங்கிலாந்தில் 2014-ல் தொடங்கிய ‘டைம் ஃபார் டிமென்ஷியா’ திட்டத்தில் சர்ரே பல்கலைக்கழகச் செவிலிய மாணவர்களும் பிரைட்டன் - சசெக்ஸ் மருத்துவ மாணவர்களும் சேர்ந்தார்கள். மறதிநோய் உள்ளவரையும் அவரைக் கவனித்துக்கொள்ளும் உறவினரையும் அவர்கள் வீட்டிலேயே போய்ச் சந்தித்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, ஒரே குடும்பத்தை, இரண்டு ஆண்டுகள். வார்டில் கிடைக்காத நிதானம் அங்கே கிடைத்தது.

பழசு மட்டும் எப்படி நிற்கிறது?

புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை, மறதிநோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் தொடக்கத்திலேயே தாக்குகிறது. அதனால் காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். இளமையில் வாங்கிய முதல் சம்பளமும் நடந்த கல்யாணமும் நெடுநாள் தங்கும்.

எப்படிக் கேட்பது?

‘ஞாபகம் இருக்கிறதா?’ என்று ஆரம்பித்தால் அது பரீட்சை. பதில் வராதபோது முதியவர் கூனிக் குறுகிப்போவார். பழைய புகைப்படத்தைக் கையில் கொடுத்து, ‘இந்தக் கோட்டு நன்றாக இருக்கிறதே’ என்று தொடங்கலாம். ஆண்டும் பெயரும் மாறினால் திருத்த வேண்டியதில்லை. மாணவரும் தன் ஊரையும் பாட்டியையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவரே கேட்டுக்கொண்டிருந்தால் அது விசாரணை. முதியவர் மனம் கலங்கினால் அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும். எழுதிவைக்க அவர் சம்மதமும் வேண்டும்.

குணமாகுமா?

கதை கேட்பதால் நோய் குணமாகாது. பழைய நினைவுகளைப் பகிரும் சிகிச்சை குறித்த 22 ஆய்வுகளை 2018-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு அலசியது. பலன் சிறிது, இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதே முடிவு.

ஆனால் செவிலியருக்கு இது தரும் பயன் வேறு. எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், எதற்குப் பயப்படுவார், எப்போது குளிக்கப் பிடிக்கும் என்பதெல்லாம் கதையோடு சேர்ந்தே தெரியவரும். ஊசி போடக் கற்றுத்தருவதைப் போலவே, உட்கார்ந்து கேட்பதற்கும் பயிற்சி நேரம் ஒதுக்கி மதிப்பெண் தர வேண்டும். சொந்தக் கதையைத் தானே சொல்ல முடியாத நாளில், அதை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நோயாளியின் உரிமை.