வீட்டில் ஒரு கடைசல் பொறி

மத்தில் கயிற்றைச் சுற்றி மாறிமாறி இழுத்துத் தயிரைச் சுழற்றுவதற்கும், மரத்துண்டைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுப்பதற்கும் தமிழில் 'கடைதல்' என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. இதில் வியப்பொன்றுமில்லை. பழைய கடைசற் பட்டறைகளில் மரத்துண்டும் மத்தைப் போலவே கயிற்றால் முன்னும் பின்னுமாக இழுத்துச் சுழற்றப்பட்டது. கட்டிற் காலும் குழந்தைகளின் சொப்பும் இவ்வாறே உருவாயின. மரத்தைக் கடைபவருக்குக் கையே உளித்தாங்கி, கண்ணே அளவுகோல். ஆனால் இரும்பைக் கடைவதற்குக் கையின் உறுதி போதாது. உளியைக் கையிலிருந்து விடுவித்து, நேர்கோட்டில் நகரும் தாங்கியில் இறுகப் பிணைத்தல் வேண்டும். அத்தாங்கியைத் திருகாணி ஒன்றினால் சீராகச் செலுத்தி, ஒரேவிதமான மரைகளை மீண்டும் மீண்டும் வெட்டக்கூடிய பொறியை இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்பவர் 1800ஆம் ஆண்டையொட்டி அமைத்தார். இன்று பட்டறைகளில் 'லேத்' என்று வழங்கும் உலோகக் கடைசல் பொறியின் வளர்ச்சியில் அது ஒரு பெரிய படி.

இப்பொறியின் சிறிய வடிவம் ஒன்றை வீட்டிலேயே அமைத்துக்கொள்ள எண்ணுபவருக்குச் செகந்திராபாத்தின் மெட்டுகுடா ஏற்றதோர் இடம். இன்று மெட்ரோ இரயில் நிலையத்தால் பலர் அறிந்த இப்பகுதி, அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இரயில்வேக் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பகுதியாகும். நிஜாம் காலத்து இரயில்வே 1893இல் நிறுவிய லாலாகுடாத் தொழிற்சாலை அண்மையிலேயே இருக்கிறது. கருவிகளும் இயந்திர உறுப்புகளும் விற்கும் இராணிகஞ்சுக் கடைத்தெருவும் தொலைவிலில்லை. இயந்திரக் கருவிகள் செய்துவந்த பிராகா நிறுவனமும் 1943இல் இந்நகரிலேதான் தொடங்கப்பெற்றது. இத்தகைய ஊர்களில் பொருளைவிட அருமையான ஒன்று கிடைக்கும். அது, இரும்பைக் கையால் தடவியே மேடுபள்ளம் சொல்லக்கூடிய பழைய பிட்டர்களின் ஆலோசனை. அங்கே அங்குலத்தின் எட்டிலொரு பங்கைச் 'சூத்' என்பார்கள். நம் தச்சர்கள் 'நூல்' என்பார்கள். இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே.

வீட்டில் கடைசல் பொறி அமைப்பது புதிய முயற்சியன்று. அமெரிக்காவைச் சேர்ந்த டேவ் கிங்கெரி என்பவர், கரியடுப்பில் அலுமினியத்தை உருக்கி வார்த்து, சிறு கடைசல் பொறியொன்றை முழுமையாக அமைக்கும் முறையை 1980ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த தம் நூல்வரிசையில் விளக்கினார். பல நாடுகளில் ஆர்வலர்கள் அம்முறையைப் பின்பற்றியுள்ளனர். இங்கே நியாயமான ஐயமொன்று எழும். செம்மையான உறுப்புகளைச் செய்யச் செம்மையான இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரமே இல்லாதவர் அதன் உறுப்புகளை எவ்வாறு செம்மையாகச் செய்வது? இவ்வையத்திற்கு விடை காணாமல் இரும்பை வாங்கிக் குவிப்பவரின் முயற்சி பெரும்பாலும் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும்.

விடையின் முதற்பகுதி சமதளம். பொறியின் அடித்தளமாகிய படுகையின் மீதுதான் உளித்தாங்கி ஊர்ந்து செல்கிறது. படுகை வளைந்திருந்தால் கடையப்படும் உருளையும் வளையும். சமதளத்தை உண்டாக்க எந்த இயந்திரமும் தேவையில்லை என்பதை ஜோசப் விட்வொர்த் 1840இலேயே எடுத்துரைத்தார். இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்திச் சீர்செய்தால், ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்து, இரண்டும் இணைபிரியாமல் ஒட்டி நம்மை ஏமாற்றிவிடும். மூன்றாவது தகடு ஒன்றைச் சேர்த்தால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். குவிந்த முதல் தகட்டோடு மற்ற இரண்டும் பொருந்துமானால், அவ்விரண்டும் குழிந்தவை. குழிந்தவை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் விளிம்புகள் மட்டுமே தொடும். ஒன்றில் நீலச்சாயம் மெல்லத் தடவி மற்றதில் தேய்த்து, சாயம் ஒட்டிய மேடுகளைச் சுரண்டியால் நீக்கிக்கொண்டே வந்தால், மூன்றும் தமக்குள் எப்படி மாற்றினும் பொருந்தும் நிலை வரும். அந்நிலையில் மூன்றும் சமதளங்களே, வேறு வழியில்லை.

வீட்டுப் பொறிக்கு இவ்வளவு உழைப்பும் வேண்டியதில்லை. உருகிய வெள்ளீயத்தின் மீது மிதக்கவிட்டுச் செய்யப்படும் கனமான கண்ணாடி, இடைவெளியின்றி முழுதும் தாங்கப்பட்டிருக்குமாயின், சோதனைத் தளமாக நன்கு பயன்படும். படுகையாக அமையவுள்ள எஃகுப் பட்டையை அதன்மேல் வைத்துச் சாயம் பார்த்துச் சுரண்டலாம். இது சில மாலைப்பொழுதுகளை விழுங்கும் வேலை. அவசரப்படுபவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

விடையின் இரண்டாம் பகுதி இன்னும் சுவையானது. சுழலும் தண்டைத் தாங்கும் தலைப்பகுதியை, அதாவது ஹெட்ஸ்டாக்கை, வேறிடத்தில் துளையிட்டுக் கொண்டுவந்து பொருத்தினால், துளையின் அச்சு படுகைக்கு இணையாக அமைவது அரிது. ஆகவே துளையைப் படுகையின் மீதே குடைதல் வேண்டும். படுகையின் இரு முனைகளிலும் தற்காலிகத் தாங்கிகளை நிறுத்தி, நடுவில் சிறு உளி செருகிய தண்டொன்றை அவற்றில் சுழலவிடுகிறார்கள். ஹெட்ஸ்டாக்கின் வார்ப்பு, அத்தண்டு ஊடே செல்லுமாறு, படுகையின் வழிகாட்டி விளிம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல நகர்த்தப்படுகிறது. வார்ப்பு எத்திசையில் நகர்கிறதோ அத்திசையில்தான் துளை அமையும். தண்டு சிறிது சாய்ந்திருந்தாலும் துளையின் திசை மாறாது; அதன் வட்டம் மட்டும் இம்மியளவு நீள்வட்டமாகும். சாய்வு ஒரு பாகை என்றே கொள்வோம். 50 மில்லிமீட்டர்த் துளையில் அதனால் நேரும் குறை 0.01 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே தண்டினால் எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக்கையும் குடைந்துவிட்டால், இரண்டின் மையங்களும் ஒரே உயரத்தில் நிற்கும். இன்னும் பிறவாத பொறி தன் உறுப்பைத் தானே கடைந்துகொள்வதை மாணவர்களுக்கு ஒருமுறை காட்டினால், வடிவகணிதப் பாடத்தில் பாதி விளங்கிவிடும்.

வார்ப்பதற்கு வசதியில்லாதவர் கான்கிரீட்டையும் நாடலாம். முதல் உலகப்போரின்போது பீரங்கிக் குண்டுகளைக் கடைவதற்காக, உடற்பகுதி கான்கிரீட்டினாலான கடைசல் பொறிகளை யோமன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைத்தார். கான்கிரீட் பாரமானது, அதிர்வையும் அடக்கும். ஆனால் இறுகும்போது சுருங்கும் இயல்புடையது. எனவே நன்கு பதப்பட்டு உலர்ந்த பின்னரே படுகையை அதன்மேல் செம்மைப்படுத்தல் வேண்டும்.

மற்றவை பழகிய பட்டறை வேலைகளே. சுழல் தண்டிற்குக் கார்ச் சக்கரங்களில் பயன்படும் கூம்புருளைப் பேரிங்குகள் பொருத்தமானவை. பேரிங்கு, மூன்று தாடைச் 'சக்', மின்சாரச் சாதனங்கள் ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. இவற்றை நல்லனவாக வாங்குவதே அறிவுடைமை. அரைக் குதிரைத்திறனும் நிமிடத்திற்கு 1,440 சுற்றுகளும் உடைய மோட்டார் போதும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள மென்எஃகுக் கம்பியை நிமிடத்திற்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்ட, தண்டு ஏறக்குறைய 320 முறை சுழல வேண்டும். மோட்டாரில் 50 மில்லிமீட்டர்க் கப்பியும் தண்டில் 225 மில்லிமீட்டர்க் கப்பியும் இவ்வேகத்தைத் தரும். குறுக்கே நகரும் தாங்கிக்குக் கடையில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் மரைக்கம்பியையே திருகாணியாகக் கொள்ளலாம். அது ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நகர்த்தும். அதன் வட்டிலை 75 பிரிவுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பிரிவும் 0.02 மில்லிமீட்டர். உளி அவ்வளவு முன்னேறும்போது கம்பியின் விட்டம் அதைப்போல் இருமடங்கு குறைகிறது என்பதைப் புதியவர்கள் மறந்து, முதல் துண்டைப் பாழாக்குவது வழக்கம்.

பள்ளிகளில் இம்முயற்சி நடைபெறுமானால், ஆசிரியர் சிலவற்றில் சிறிதும் தளரலாகாது. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். உருகிய உலோகத்தின் கீழ் ஈரம் அகப்பட்டால் நொடியில் ஆவியாகி, உலோகத்தை நாற்புறமும் வாரியிறைக்கும். சிமெண்டுத் தரைக்குள்ளும் ஈரம் உண்டு. ஆகவே உலர்ந்த மணற்பரப்பின் மீதே வார்த்தல் வேண்டும். உலைக்கருகில் மாணவரை நிற்கவிடுதல் கூடாது. ஓடும் பொறியின் முன் துப்பட்டா, சேலைத்தலைப்பு, தளர்ந்த சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை எல்லாம் ஆபத்தானவை. பாதுகாப்பென்று கருதி அணியும் கையுறையும் அவ்வாறே. சுழலும் சக்கு அதைப் பற்றினால் கையையும் உடன் இழுத்துக்கொள்ளும். சக்கின் சாவியை அதிலேயே விட்டு மோட்டாரை இயக்கலாகாது. கண்ணாடி அணியாமல் உளியருகே குனியலாகாது.

பொறி அமைந்தபின், அது உண்மை பேசுகிறதா என்று அதையே கேட்டறியலாம். 30 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியொன்றைச் சக்கில் பிடித்து, மறுமுனையைத் தாங்காமல் விட்டு, நடுப்பகுதியைச் சற்றே ஒடுக்கிவிடவேண்டும். இப்போது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையங்கள் எஞ்சும். உளியின் நிலையை மாற்றாமல் இரண்டிலும் மிக மெல்லிய சீவலாக எடுத்து, மைக்ரோமீட்டரால் விட்டங்களை ஒப்பிடுக. கனமாகச் சீவினால் கம்பியே வளைந்து பொய்சொல்லும். வெளிமுனை வளையம் 0.04 மில்லிமீட்டர் பருத்திருந்தால், அச்சு 0.02 மில்லிமீட்டர் அளவிற்கு உளியைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஹெட்ஸ்டாக்கின் ஆணிகளைத் தளர்த்தி, அந்த அளவிற்கு உளியின் பக்கம் திருப்பி, மீண்டும் இறுக்கி, மீண்டும் ஒரு சீவல் எடுத்துப் பார்க்கவேண்டும். வளையங்கள் இரண்டும் ஒத்துவந்த பிறகே சக்கைத் தாங்கும் பின்தகட்டின் முகத்தை, அது தண்டில் இருந்தபடியே, இறுதியாகக் கடைந்து முடிக்கவேண்டும்.