அச்சுப்பொறியின் கட்டளை மொழியும் எழுத்துருத் தேர்வும்

கணிப்பொறியின் திரையில் செவ்வையாகத் தோன்றும் பக்கம், காகிதத்தில் வேறு விதமாக வந்து விழுவது அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அடிக்கடி நிகழ்வதாகும். எழுத்து மாறுவதை வெறும் அழகுக் குறைவு என்று பலர் கருதுகின்றனர். அது அவ்வளவில் நிற்பதில்லை. மழை அளவு அட்டவணையில் ஒரு பத்தியின் எண்கள் அடுத்த பத்தியின் கீழ் நகர்ந்துவிட்டால், ஓர் ஊரில் பெய்த மழை மற்றோர் ஊரின் கணக்கில் சேர்கிறது. குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் ‘மைக்ரோ’ என்பதைக் காட்டும் குறி விடுபட்டுக் ‘கிராம்’ என்பது மட்டும் நின்றால், அளவு பத்து லட்சம் மடங்கு பிழைபடுகிறது. வினாத்தாளில் 30 என்னும் எண்ணை அடுத்துப் பாகைக் குறிக்குப் பதிலாக வேறோர் எழுத்து வந்துவிட்டால், மாணவன் வினாவையே தவறாகப் படிக்க நேரிடும். ஆகவே இத்தகைய பிழைகள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை அறிந்திருப்பது களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இன்றியமையாதது.

அச்சிடும் வேலையில் மூவர் பங்கு

ஒரு பக்கத்தை அச்சிடுவதில் மூன்று உறுப்புகள் பங்கு கொள்கின்றன. முதலாவது, கடிதத்தையோ அட்டவணையையோ நாம் தயாரிக்கும் செயலி. மூன்றாவது, அச்சுப்பொறி. இவ்விரண்டிற்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்பது அச்சுப்பொறி இயக்கி. பேச்சு வழக்கில் இதனைப் ‘பிரிண்டர் டிரைவர்’ என்பர். செயலி விரும்புவதை அச்சுப்பொறிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவதே இதன் தொழில். மொழிபெயர்ப்பாளன் ஒரு மொழியில் பேச, கேட்பவன் வேறு மொழியினனாக இருந்தால் என்ன குழப்பம் விளையுமோ, பொருந்தாத இயக்கியை நிறுவியபோதும் அதே குழப்பம் விளைகிறது.

கட்டளை மொழிகள்

அச்சுப்பொறிகளுக்கென மூன்று மொழிகள் பெரிதும் பரவின. எப்சன் நிறுவனத்தின் ‘ஈ.எஸ்.சி./பி.’ என்னும் மொழி ஊசிகளால் நாடாவைத் தட்டி அச்சிடும் டாட் மாட்ரிக்ஸ் பொறிகளில் வழங்குகிறது. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தின் ‘பி.சி.எல்.’ என்னும் மொழி, 1984-இல் வெளிவந்த லேசர்ஜெட் பொறியின் வாயிலாகப் பெரும் பரவல் பெற்றது. அதே ஆண்டில் அடோபி நிறுவனம் ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ என்னும் பக்க விவரண மொழியை வெளியிட்டது.

முதல் இரண்டு மொழிகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றில் கட்டளைகள் பெரும்பாலும் ‘எஸ்கேப்’ என்னும் குறியுடன் தொடங்கும். இதன் எண் 27. இக்குறி வந்தவுடன், அடுத்து வருபவை அச்சிட வேண்டிய எழுத்துக்கள் அல்ல, கட்டளை என்று பொறி உணர்ந்துகொள்கிறது. ஆயினும் கட்டளையின் பொருள் மொழிக்கு மொழி வேறுபடும். எஸ்கேப் குறியை அடுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாகிய ‘இ’ வந்தால், எப்சன் மொழியில் ‘தடித்த எழுத்தில் அச்சிடுக’ என்று பொருள். அதே இரு குறிகளும் பி.சி.எல். மொழியில் ‘இதுவரை கூறிய அமைப்புகளை எல்லாம் நீக்கித் தொடக்க நிலைக்குத் திரும்புக’ என்று பொருள்படும். ஒரு தலைப்பைத் தடித்த எழுத்தில் காட்டும்படி எப்சன் இயக்கி அனுப்பும் கட்டளை, பி.சி.எல். பொறியை அடைந்தால், தாளின் அளவு, ஓரம், எழுத்துரு ஆகிய எல்லாம் ஒருங்கே மாறிவிடுகின்றன.

எழுத்துருவைப் பொறி தேரும் முறை

பி.சி.எல். மொழியில் எழுத்துருவைப் பெயரிட்டு அழைப்பது வழக்கமன்று. அதன் இயல்புகளைக் கூறியே கேட்க வேண்டும். அவ்வியல்புகள் ஏழு. முதலாவது குறித்தொகுதி, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் பட்டியல். இரண்டாவது இடைவெளி: எல்லா எழுத்துக்களும் ஒரே அகலம் கொண்டவையா, எழுத்துக்கேற்ப அகலம் மாறுபவையா என்பது. மூன்றாவது, ஓர் அங்குலத்தில் அடங்கும் எழுத்துக்களின் எண்ணிக்கை. நான்காவது, அங்குலத்தில் 72-இல் ஒரு பங்காகிய ‘பாயின்ட்’ அளவில் உயரம். ஐந்தாவது நேர் எழுத்தா, சாய்வெழுத்தா என்பது. ஆறாவது கோட்டின் தடிப்பு. ஏழாவது கூரியர், யூனிவர்ஸ் போன்ற எழுத்துக் குடும்பம்.

இவ்வரிசை தற்செயலானதன்று, இதுவே முன்னுரிமை வரிசையும் ஆகும். பொறி தன்னிடமுள்ள எழுத்துருக்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, முதல் இயல்பு பொருந்தாதவற்றை விலக்குகிறது. எஞ்சியவற்றுள் இரண்டாவது பொருந்தாதவற்றை விலக்குகிறது. இவ்வாறே இறுதிவரை செல்கிறது. பண்டகசாலையில் ஒரு பொருளைக் கேட்டால், அது இல்லை என்று சொல்லாமல், இருப்பவற்றுள் மிக நெருங்கிய ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும் காப்பாளரை இது ஒத்தது. எழுத்துரு இல்லை என்று பொறி முறையிடுவதில்லை. மாற்று ஒன்றைக் கொண்டு மௌனமாக அச்சிட்டுவிடுகிறது. பிழை கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு இந்த மௌனமே முதற்காரணம்.

எழுத்துக் குடும்பம் வரிசையின் கடைசியில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பயன்படுத்துவோர் முதலில் எண்ணுவது குடும்பத்தையே. பொறியோ அதனைக் கடைசியாகத்தான் நோக்குகிறது. கேட்ட குறித்தொகுதி கேட்ட குடும்பத்தில் இல்லையெனில், குறித்தொகுதியைக் காப்பாற்றுவதற்காகக் குடும்பம் கைவிடப்படும். ‘கேட்ட எழுத்து வரவில்லை’ என்னும் முறையீடுகள் பலவற்றுக்கு விடை குடும்பத்தின் பெயரில் இல்லை. அதற்கு முன்னுள்ள ஆறு இயல்புகளில் ஒன்றில் இருக்கிறது. அளவு மாற்றத்தக்க எழுத்துருக்களில் வேறொரு நுட்பமும் உண்டு. எல்லா எழுத்தும் ஒரே அகலமுடைய கூரியர் போன்றவற்றின் அளவை, அங்குலத்திற்கு எத்தனை எழுத்து என்னும் கட்டளையே தீர்மானிக்கும். மாறும் அகலமுடையவற்றின் அளவை உயரம் தீர்மானிக்கும். உயரத்தை எவ்வளவு கூட்டியும் கூரியர் எழுத்து பெரிதாகவில்லை என்றால் காரணம் இதுவே.

அட்டவணைகளுக்கு இடைவெளி என்னும் இயல்பு உயிர் போன்றது. வெற்றிடங்களைக் கொண்டு பத்திகளை நிறுத்தியுள்ள அட்டவணை, ஒரே அகலமுடைய எழுத்தில் மட்டுமே நேராக நிற்கும். தாளின் அகலத்தையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அங்குலத்திற்கு 10 எழுத்து வீதம் 80 எழுத்துக்களுக்கு 8 அங்குலம் தேவை. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், அதாவது சுமார் 8.27 அங்குலம். இரு ஓரங்களிலும் பொறியால் அச்சிட இயலாத பகுதியைக் கழித்தால் கடைசி எழுத்துக்கள் விடுபடக்கூடும். அங்குலத்திற்கு 12 எழுத்து என மாற்றினால் 6.67 அங்குலமே போதும்.

ஒரே எண், வேறு வேறு எழுத்து

குறித்தொகுதியால் நேரும் பிழையே மிகவும் ஆபத்தானது. கணிப்பொறி அனுப்புவது எழுத்தை அன்று, எண்ணை. லத்தீன்-1 என்னும் தொகுதியில் பாகைக் குறியின் எண் 176. பழைய கணிப்பொறிகளில் வழங்கிய 437 என்னும் தொகுதியில் அதே குறியின் எண் 248. பழைய தொகுதியில் எழுதிய 248-ஐ லத்தீன்-1 தொகுதியைக் கொண்டு அச்சிட்டால், பாகைக் குறி நிற்க வேண்டிய இடத்தில் குறுக்குக் கோடிட்ட ‘ஓ’ வந்து நிற்கும். லத்தீன்-1 தொகுதியின் 181-ஆம் எண்ணாகிய மைக்ரோ குறி, பழைய தொகுதியில் கட்டம் வரைவதற்கான ஒரு கோட்டுத் துண்டாக மாறிவிடும். பொறியில் நாட்டுத் தேர்வு பிரிட்டனுக்கென அமைந்திருந்தால், 35-ஆம் எண் எண்குறியாக அன்றிப் பவுன் குறியாக வெளிவரும். 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறி, அதற்கு முன் தயாரான பொறிகளின் உள்ளெழுத்துருக்களில் இல்லை; அங்கே ‘ரூ.’ என்று எழுதுவதே பாதுகாப்பானது.

தமிழ் எழுத்தின் நிலை

மேற்கூறிய தொகுதிகள் ஒவ்வொன்றிலும் 256 எண்களே உள்ளன. யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள். ஆகவே அவற்றை அப்படியே அச்சுப்பொறிக்கு அனுப்ப இயலாது. மேலும் ‘கொ’ என்பதில் ககரத்தை அடுத்து நினைவகத்தில் இருப்பது ஒரே உயிர்க்குறி. காகிதத்தில் அது ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த ஒழுங்கைக் கணிப்பொறியே செய்து முடித்துவிடுகிறது. பின்னர் இயக்கி இரு வழிகளுள் ஒன்றைக் கையாள்கிறது. தேவையான எழுத்து வடிவங்களைப் பொறியின் நினைவகத்தில் இறக்கி வைத்து அவற்றைக் கொண்டு அச்சிடச் செய்வது ஒரு வழி. பக்கம் முழுவதையும் புள்ளிகளாலான படமாக்கி அனுப்புவது மற்றொரு வழி.

முதல் வழி விரைவானது. ஆனால் இறக்கிய எழுத்துரு தொடக்கநிலைக் கட்டளையால் அழிந்தாலோ, பொறி அதனைச் சரியாக ஏற்காவிட்டாலோ தமிழ் சிதைந்துவிடும். இரண்டாவது வழி நம்பகமானது. ஆனால் நினைவகம் மிகுதியாக வேண்டும். அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் ஒரு ஏ4 பக்கத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சுருக்காமல் வைத்தால், சுமார் 10,87,000 பைட்டு இடம் பிடிக்கும். 600 புள்ளி வீதமாயின் அது நான்கு மடங்காகும்.

யூனிகோடு பரவுமுன் வழங்கிய கோப்புகளுக்கு வேறு எச்சரிக்கை தேவை. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற ‘டாப்’ முறையில், தமிழ் வடிவங்கள் 128-க்கு மேற்பட்ட எண்களில் அமைந்திருந்தன. அக்கோப்பைத் திறக்கும் கணிப்பொறியில் உரிய எழுத்துரு இல்லையெனில், தமிழ்ச் சொற்கள் மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துக்களாகத் தோன்றும். இது அச்சுப்பொறியின் குற்றமன்று.

அறிகுறியும் காரணமும்

1. தாளின் தொடக்கத்தில் சதவீதக் குறி, வியப்புக் குறி, அவற்றை அடுத்து ‘பி’, ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்துக்கள் வந்து, பின்னர் பக்கம் பக்கமாகப் பொருளற்ற சொற்கள் அச்சாதல்: போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி தெரியாத பொறிக்கு அம்மொழியில் அனுப்பப்பட்டுள்ளது. இயக்கியை மாற்ற வேண்டும்.

2. ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்தின் கீழ்த் தொடங்கிப் படிக்கட்டுப் போல இறங்குதல்: வரியை நகர்த்தும் குறியாகிய 10 மட்டும் வந்துள்ளது, இடது ஓரத்திற்குத் திருப்பும் குறியாகிய 13 வரவில்லை. இரண்டையும் சேர்த்துக்கொள்ளும் அமைப்பைப் பொறியிலோ இயக்கியிலோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. ஆங்கிலம் சரியாக இருந்து, சிறப்புக் குறிகள் மட்டும் மாறுதல்: குறித்தொகுதி வேறுபாடு.

4. பத்திகள் கோணுதல்: மாறும் அகலமுடைய எழுத்துரு மாற்றாக வந்துள்ளது.

5. தமிழ் முழுவதும் கேள்விக் குறிகளாதல்: வெறும் எழுத்தெண்களை மட்டும் அனுப்பும் பொது இயக்கி நிறுவப்பட்டிருக்கலாம்.

6. தமிழ்த் துணைக்குறிகள் இடம் மாறுதல்: திரையில் சரியாக இருப்பின், எழுத்துருவைப் படமாக அனுப்பும்படி இயக்கியின் அமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.

7. பாதிப் பக்கம் ஒரு தாளிலும் மீதி அடுத்த தாளிலும் வருதல்: நினைவகக் குறைவு. புள்ளிச் செறிவை 600-இலிருந்து 300 ஆகக் குறைக்கலாம்.

8. தாள் இருந்தும் பொறி தாள் கேட்டு நிற்றல்: கோப்பில் அமெரிக்க ‘லெட்டர்’ அளவு குறிக்கப்பட்டிருக்கலாம். அது 216-க்கு 279 மில்லிமீட்டர். நம் நாட்டு ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர்.

சோதிக்கும் ஒழுங்கு

முதலில் பொறியைக் கணிப்பொறியின் உதவியின்றித் தானே சோதனைப் பக்கம் அச்சிடச் செய்ய வேண்டும். பல டாட் மாட்ரிக்ஸ் பொறிகளில் வரி நகர்த்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்விசையைத் திறந்தால் இது நிகழும். லேசர் பொறிகள் பலவற்றில், உள்ளிருக்கும் எழுத்துருக்களின் பட்டியலையும் பொறியின் பலகையிலிருந்தே அச்சிட்டுக்கொள்ளலாம். இப்பக்கம் சரியாயின், பொறியில் பழுதில்லை.

அடுத்து, பொறியின் கையேட்டில் கூறப்பட்டுள்ள மொழியும் இயக்கியின் மொழியும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். மூன்றாவதாக, அதே கோப்பைப் பி.டி.எப். வடிவில் சேமித்துத் திரையில் நோக்க வேண்டும். அதிலேயே பிழை இருந்தால் குற்றம் கோப்பினுடையது அல்லது எழுத்துருவினுடையது; அது சரியாக இருந்து தாள் மட்டும் பிழைபட்டால் குற்றம் இயக்கிக்கும் பொறிக்கும் இடையே உள்ளது. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றி, மாற்றியதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது பயன் தந்தது என்பது தெரியாமற் போகும்.

ஒவ்வோர் அலுவலகமும் பள்ளியும் ஒரு மாதிரிப் பக்கத்தை ஆயத்தமாக வைத்திருப்பது நன்று. அதில் பாகை, மைக்ரோ, ரூபாய், பெருக்கல் ஆகிய குறிகளும், ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்ற வடிவங்களும், பத்து பத்திகள் கொண்ட ஒரு சிறு எண் அட்டவணையும் இருத்தல் வேண்டும். பொறியோ இயக்கியோ மாறிய அன்றே இப்பக்கத்தை அச்சிட்டு, முன்பு சரியாக வந்த தாளுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு நோக்கினால், வினாத்தாளும் அறிக்கையும் பிறர் கைக்குச் செல்லுமுன்பே பிழை வெளிப்பட்டுவிடும்.