காசியில் ஈமத்தீ காக்கும் குடும்பங்கள்

அரிச்சந்திரன் கதையை அறியாத தமிழர் அரியர். தெருக்கூத்தில் விடிய விடிய நடைபெறும் மயான காண்டத்தில், நாடிழந்த மன்னன் வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடுகாடு காப்பதைக் கண்டு கண்ணீர் சிந்தியவர்கள் நாம். பிணம் ஒன்றுக்கு முழத்துண்டும் கால் பணமும் ஆண்டைக்கு, வாய்க்கரிசி காவலனுக்கு. இந்தக் கணக்கு நம்மவர்க்கு மனப்பாடம். ஆயின் அந்த வீரபாகு யார், அவன் வழியினர் எனப்படுவோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கதையில் அரசனே நாயகன்; மயானத்துக்கு உரியவனோ இடையில் வந்து போகின்றவன்.

வடநாட்டு வழக்கில் அவன் பெயர் கல்லு டோம். காசியில் பிணஞ்சுடும் தொழிலை வழிவழியாகச் செய்துவரும் டோம் குடியினர் தம்மை அவனுடைய மரபினர் என்றே கூறிக்கொள்கின்றனர். அவர்களுடைய தலைவருக்கு ‘டோம் ராஜா’ என்று பட்டம். படகில் செல்வோர் மான்மந்திர் படித்துறைக்கு அருகில் ஒரு பழைய மாளிகையைக் காணலாம். அதன்மேல் இரண்டு புலிச் சிலைகள் கங்கையை நோக்கி நிற்கும். அதுவே டோம் ராஜாவின் குடும்ப வீடு.

காசியில் பழைமையான சுடுதுறைகள் இரண்டு. ஒன்று மணிகர்ணிகை, மற்றொன்று அரிச்சந்திர கட்டம். பின்னது நமக்கு அயலிடமன்று. தமிழர் நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் அனுமான் கட்டத்துக்கும், குமரகுருபரர் நிறுவிய மடம் விளங்கும் கேதார கட்டத்துக்கும் இடையில் அது அமைந்துள்ளது. இளமையில் காசியில் வாழ்ந்த பாரதியார் அனுமான் கட்டத்திலேயே தங்கியிருந்தார். ஆகவே, அந்தச் சிதைகளின் புகை தமிழ்க் குடும்பங்களின் பலகணிகளிலும் புகுந்த புகையேயாகும்.

நம் நாட்டு வழக்கில் ஈமத்தீ வீட்டிலிருந்தே செல்கிறது. மூத்த மகன் நெருப்புச் சட்டியை ஏந்தி முன்னே நடக்க, பாடை பின்னே வரும். காசியிலோ தீ வீட்டிலிருந்து வருவதில்லை. சுடுதுறையில் டோம் குடியினர் இரவும் பகலும் அணையாது காத்துவரும் நெருப்பிலிருந்தே அதைப் பெறவேண்டும். வந்தவர் வேதம் ஓதியவராயினும், செல்வராயினும், அமைச்சராயினும், அந்தத் தீயைக் கேட்டு வாங்கியே ஆகவேண்டும். எரியும் புற்கற்றை ஒன்றை டோம் அளிக்கின்றார். கொள்ளி வைப்பவர் அதனைப் பெற்றுச் சிதையை இடமாக ஐந்து முறை சுற்றிவந்து மூட்டுகின்றார். தீ கொடுப்பதற்கு ஒரு தொகை உண்டு. அதற்கு நிலையான விகிதம் இல்லை. வந்தவரின் தகுதி பார்த்துக் கேட்கப்படுகிறது. பேரம் சில வேளைகளில் கசப்பில் முடிவதும் உண்டு. காசிக்குச் சென்று திரும்பியோர் பலர் டோம்களைப் பேராசைக்காரர் என்று ஏசக் காரணம் இதுவே.

அவ்வாறு ஏசுவோர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நம் கோயில்களில் குருக்கள்மார்க்கும் பரிசாரகர்க்கும் ‘முறை’ உண்டல்லவா? அவ்வாறே சுடுதுறை வருமானமும் குடும்பங்களுக்குள் முறைநாட்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியில் இதனைப் ‘பாரி’ என்பர். நிலத்தைப்போலவே முறைநாளும் ஒரு சொத்து. தந்தைக்குப் பின் மக்களுக்குப் பங்காகும், கடனுக்கு ஈடாக வைக்கப்படும், விற்கவும்படும். எடுத்துக்காட்டாகப் பாட்டனார் ஒருவருக்கு மாதத்தில் ஆறு நாள் முறை என்று கொள்வோம். அவருக்கு மூன்று மக்கள் எனில் ஆளுக்கு இரண்டு நாள். அம்மூவர்க்கும் நந்நான்கு மக்கள் பிறப்பின், பேரன் ஒருவனுக்குக் கிடைப்பது மாதத்தில் அரை நாள். எஞ்சிய நாட்களில் அவன் பிறருடைய முறையில் கூலிக்கு நிற்கவேண்டியவனே. ஆகவே, தொகையைப் பேசி வாங்குபவர் ஒருவராகவும், அனலில் நின்று மூங்கிற் கழியால் கட்டைகளைத் தள்ளிவிடுபவர் மற்றொருவராகவும் இருப்பது அங்கு இயல்பு. ‘ராஜா’ என்னும் பட்டத்தைக் கேட்டு அக்குடியினர் அனைவரும் செல்வர் என்று எண்ணுவது பெரும்பிழை.

அந்தக் கூலிக்காரருடைய வேலை எளிதானதன்று. ஓர் உடலுக்குச் சற்றேறக்குறைய 300 கிலோ விறகு வேண்டும். அதனைக் காற்று ஊடுருவுமாறு அடுக்கத் தெரியவேண்டும். ஈரக்கட்டையைக் கண்டு ஒதுக்கவேண்டும். தீ ஒருபுறமாகச் சாய்ந்தால் உடனே சமன் செய்யவேண்டும். ஏறக்குறைய மூன்று மணி நேரம் அவர் சிதையை விட்டு அகல இயலாது. மே மாதத்தில் காசியின் வெயில் 40 டிகிரி செல்சியசைக் கடக்கும்; அதன்மேல் சிதையின் அனல். பிற ஊர்களில் இருட்டியபின் சுடலாகாது என்பர். காசிக்கு அந்த விலக்கு இல்லையாதலால் வேலைக்கு இரவென்றும் பகலென்றும் வேறுபாடில்லை. இறுதியில் கொள்ளி வைத்தவர், நீர் நிறைந்த மண்குடத்தை இடத்தோளின்மேல் பின்புறமாக எறிந்து, திரும்பிப் பாராமல் நடந்துவிடுகின்றார். டோம் அங்கேயே நிற்கின்றார். சாம்பலைக் கழுவி அடுத்த சிதைக்கு இடம் செய்யவேண்டியவர் அவர்தாமே.

‘டோம்’ என்பதற்குத் தமிழில் ‘வெட்டியான்’ என்று எழுதிவிடுவது மொழிபெயர்ப்பாளர் வழக்கம்; அச்சொல் எனக்கு நிறைவளிப்பதில்லை. நம் வெட்டியான் ஊர்ப் பணியாளர். பிணம் சுடுவதோடு நீர் பாய்ச்சுதல், இழவுச் செய்தி சொல்லுதல் முதலிய பல வேலைகளும் அவர் தலையில் ஏற்றப்பட்டிருந்தன. தீயின்மேல் அவருக்கு உரிமை இல்லை. டோமுக்கு அந்த உரிமை உண்டு. ஆயின், இருவரும் ஒத்து நிற்கும் இடமும் ஒன்று உண்டு: ஊரார் இருவரையும் தள்ளியே வைத்தனர்.

தந்தையின் உடலை எரிக்க ஒருவர் கையால் நெருப்பு வாங்குவோர், அதே கையால் ஒரு குவளை நீர் வாங்கிக் குடிக்கவில்லை. மோட்சத்துக்கு வாயில் அவர் கையில் என்று போற்றியவர்களே தம் வீட்டு வாயிலை அவருக்கு அடைத்தனர். தீண்டாமையை நம் அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு 1950-இலேயே ஒழித்தது. உத்தரப் பிரதேசத்தில் டோம் குடியினர் பட்டியல் சாதியினராகவும் ஏற்கப்பட்டுள்ளனர். எனினும், சட்டம் சென்ற விரைவில் மனம் செல்லவில்லை.

2019-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் வாரணாசித் தொகுதியில் பிரதமரின் வேட்புமனுவை முன்மொழிந்தோருள் டோம் ராஜா ஜகதீஷ் சௌத்ரியும் ஒருவர். 2020 ஆகஸ்டில் அவர் காலமானார். 2021-இல் மறைவுக்குப் பிந்திய பத்மஸ்ரீ விருது, சமூகப்பணி என்னும் துறையில் அவருக்கு அறிவிக்கப்பட்டது. பிணஞ்சுடுதலைச் சமூகப்பணி என்று அரசு ஏற்றதை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை.

அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் பெருந்தொற்றின் இரண்டாம் அலை காசியைத் தாக்கியது. சுடுதுறைகளில் உடல்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. உறவினரும் அணுக அஞ்சிய உடல்களை எடுத்துச் சிதையில் ஏற்றியவர்கள் சுடுதுறைத் தொழிலாளரே. அந்நாட்களில் வருமானம் மிகுந்தது என்று குறை கூறியோரும் உளர். அச்சத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க அவர்கள் மறந்தனர்.

மின்சார எரியூட்டும் நிலையம் அரிச்சந்திர கட்டத்தில் 1980-களின் இறுதியில், கங்கைத் தூய்மைத் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. விறகுச் செலவும் ஆற்று மாசும் குறையும் என்பது நோக்கம். அது ஏழைகளுக்குப் பேருதவி. ஆயினும், விறகுச் சிதையை நாடுவோர் கூட்டம் குறையவில்லை. மழைக்காலத்தில் கங்கை பெருகிப் படிகளை விழுங்கும்போது, மணிகர்ணிகையில் சிதைகள் மாடித் தளத்துக்கு ஏறுகின்றன. அரிச்சந்திர கட்டத்தில் சந்துகளுக்குள் வருகின்றன. ஊரே கதவடைத்திருக்கும் அவ்வேளையிலும் தொழில் நிற்பதில்லை.

வருந்தத்தக்கது சிறுவர் நிலை. மணிகர்ணிகையில் கோடித்துணியைச் சிதையருகிலிருந்து எடுத்துச் சேர்த்து மீண்டும் கடைக்கு விற்கும் சிறுவர்களைப் பலர் கண்டிருக்கின்றனர். வீரபாகுவுக்கு உரிய முழத்துண்டு இன்று பள்ளிப் பிள்ளையின் புத்தகத்தைப் பறிக்கும் துண்டாகிவிட்டது. முறைநாள் குறையக் குறைய, கல்வி ஒன்றே அக்குடும்பங்களுக்கு எஞ்சும் சொத்து. 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்திருக்கிறது. சுடுதுறையின் அன்றாடக் காசு கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும்போது, பள்ளிக்குச் செல்லும் வழி நீண்டுவிடுகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுள் சில, முதியோரைக் காசிக்கு அழைத்துச் செல்கின்றன. சிலருக்கு அங்கேயே முடிவும் நேர்கிறது. அந்நிலையில் அனுமான் கட்டத்துத் தமிழ்ப் புரோகிதரைக் கலந்து, விறகு, தீ, கூலி ஆகியவற்றுக்குரிய தொகையை முன்னரே தனித்தனியாகப் பேசிக்கொள்வது நலம். சிதையருகே நின்று உழைத்தவர்க்கு உரியதை அவர் கையிலேயே கொடுங்கள். இறப்பை நிகழ்ந்த ஊரிலேயே 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். சொந்த ஊருக்குத் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாகாது. எரியும் சிதைகளைப் படம் பிடிப்பதை அங்குள்ளோர் விரும்புவதில்லை. தீ தருபவரை ‘ஏ டோம்’ என்று விளிப்பாரைக் கண்டு நீங்களும் அவ்வாறு விளிக்கவேண்டா. அவர்களுடைய குடிப்பெயர் சௌத்ரி. ‘சௌத்ரி ஜீ’ என்றால் போதும்.